சொர்ணத்தின் வலது கை

வயிற்றுப் பிள்ளையோடு கிரகண நேரத்தில் மீன் அரிந்ததால்தான் மகள் சங்கவியின் கன்னத்தில் செம்மச்சம் வந்ததென்று சொர்ணம் நம்பினாள். மீன் அரிந்த வலக்கையால் அந்தக் கன்னத்தை அவள் தொட்டதே இல்லை.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சங்கவிக்கு லேசர் வைத்த டாக்டரம்மா சொன்னார்: "தோலுக்கு ஒண்ணும் ஆவாது. உள்ள இருக்கிற பொடி ரத்தக்குழாய்ங்க மட்டும் சூட்டுல மூடிக்கும். வட்ட வட்டமா ஊதா நெறத்துல கன்னிப்போயி, பத்து நாள்ல மறைஞ்சிடும்."

சங்கவிக்குக் கன்னம் கன்றிப்போகவே இல்லை. மறுநாளே மச்சம் வெளிறியிருந்தது.

அன்று அரிவாள்மனையில் உட்கார்ந்தபோதுதான் சொர்ணம் பார்த்தாள். வலது உள்ளங்கை முழுக்க ஊதா வட்டங்கள். வலி இல்லை.

"இன்னாம்மா கையில?" என்றாள் சங்கவி.

"பத்து நாள்ல மறைஞ்சிடும்டி."

சொர்ணம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மகளின் கன்னத்தை முதல்முறையாக அந்தக் கையால் வருடினாள்.