புதுக் கல்லின் முதல் தோசை

டிபன் கடை அடுப்பில் புதுத் தோசைக்கல் ஏறிய அன்றே தோசைக்கரண்டிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊற்றிய தோசையெல்லாம் கிழிந்தது. "இன்னொண்ணு கிழிஞ்சா இந்தக் கல்லுக்குப் பழைய இரும்புக் கடைதான்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"மாவைக் கண்டா இப்படியாய்யா கட்டிப் பிடிப்பே?" என்று கரண்டி சீறியது.

"ஊருக்குப் புதுசுண்ணே. எப்படி விடறதுன்னு தெரியலை" என்று கல் அழுதது.

கரண்டிக்கு மனசு கேட்கவில்லை. கல்லைத் தேய்த்துப் பழக்க எண்ணெயையும் அரை வெங்காயத்தையும் கூப்பிட்டது.

"தனியாப் போனா புகைஞ்சே போயிடுவேன்" என்றது எண்ணெய்.

"நான் கருகிடுவேன்" என்றது வெங்காயம்.

"தனியாப் போகச் சொன்னது யாரு? வெங்காயம் எண்ணெயில முங்கட்டும், ஒண்ணாப் போய்த் தேய்ங்க! பதிலுக்கு முதல் ரோஸ்ட்டுல உங்க வாசனைதான் தூக்கலா இருக்கும். பேரம் முடிஞ்சது, இறங்குங்க!"

மாஸ்டர் சட்னியைத் தாளிக்கத் திரும்பிய நேரத்தில் இரண்டும் சேர்ந்து கல்லைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தன. கல் பளபளவென்று கறுத்தது. மாஸ்டர் வந்து மாவை ஊற்றினார்.

ஓரம் சிவந்தது. கரண்டி கிட்டே போவதற்குள் தோசை தானாகவே எழும்பி வந்தது.

"அடப்பாவி, எனக்கு வேலையே வைக்கலியே!" என்று கரண்டி வைதது. வைதுகொண்டே அந்தத் தோசையைத் திருவிழாச் சப்பரம் போலத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.