வாடை போன நாற்காலி

புந்தோங்கிலிருந்து துணிப்பையோடு பஸ் ஏறி வந்த சிவகாமி, தவமணி வீட்டுக்குள் நுழைந்ததும் தன் பழைய குஷன் நாற்காலியைத்தான் முகர்ந்து பார்த்தாள். சிகரெட் வாடை துளியும் இல்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஒம்பது வருசம் வினிகர் போட்டுத் தொடச்சேன், கரி வச்சேன், வெயில்ல காய வச்சேன். போகவே இல்ல. நீ என்னலா செஞ்ச?"

"ஒன்னுமே செய்யலக்கா."

"பொய் சொல்லாத!"

"சத்தியமாக்கா. வேணாம்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். அவரு சிகரெட்ட விட்டுட்டாரு."

ஒன்பது வருஷம் தனக்குப் புருஷனாக இருந்துவிட்டு, அந்த நாற்காலியோடு தவமணியிடம் வந்துவிட்டவன் விட்டுப்போன சட்டைகளைக் கொடுக்கத்தான் சிவகாமி வந்திருந்தாள். பைக்குள்ளிருந்த சட்டைகளில் இன்னும் அதே சிகரெட் வாடை வீசியது. பையை இறுக்கி அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அந்த வாடையையும் இவளுக்குக் கொடுக்க முடியாது.