பத்து நாளாய் ஒரே சங்கீதம்

பிரஸ் மிஷினில் போன வரதனின் இரண்டு விரலுக்குக் கம்பெனி பேசிய விலை அறுபதாயிரம். 'சுவிட்சை அவனே தட்டினான்' என்று கூட வேலை பார்த்த அந்தோணி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் கம்பெனிக்கு மிச்சம்.

"பத்து நாளா காலை ஜெபத்துல பைபிள்ல முப்பத்திரண்டாம் சங்கீதத்தையே படிச்சிக்கினு இருக்கியே, வேற கெடைக்கலியா?" என்றாள் மனைவி ஹெலன்.

"உள்ள மூடி வச்சா எலும்பே உலர்ந்து பூடுமாம்."

"அப்ப பொய்க் கையெழுத்து போடாதய்யா. அவ்ளோதானே!"

கும்மிடிப்பூண்டி ஆபீஸில் மேனேஜர் பேனாவை நீட்டினார். அந்தோணி வாங்கவில்லை.

"வரதன் சுவிட்சைத் தொடவே இல்ல சார்."

"அப்ப பேய் வந்து தட்டுச்சா?"

"நான் தட்டினேன். அவன் கை உள்ள இருந்ததைப் பாக்கல."

போனது வேலை. வந்தது, பத்து நாளாய் வராத தூக்கம். வரதனுக்குத் தர வேண்டிய இரண்டு விரல் இன்னும் பாக்கி.