குறுக்கு வலி

தேடுபெட்டியில் 'வ' என்று ஒரே ஒரு எழுத்தைத்தான் தட்டினாள். 'வரலாற்றுச் சான்றுகள்' என்று முடிப்பதற்குள், பழைய தேடல் ஒன்று முந்திக்கொண்டு கீழே வந்து நின்றது. வலி எந்தப் பக்கம்.

அவள் அப்படி எதையும் தேடவில்லை. நாளைக்குள் ப்ராஜெக்டை முடிக்க வேண்டிய மூன்றாம் வருடக் கல்லூரிக்காரிக்கு வலியைக் கவனிக்க நேரம் ஏது?

ஹிஸ்டரியைத் திறந்தாள். குறுக்கு வலி. இடது பக்கம் வலி. என்ன வலின்னு தெரியலை. மறுபடியும் குறுக்கு வலி. இரண்டு வாரமாக எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இடுப்பு பெல்ட்டும் தைலமும் விளம்பரமாக வந்து வழிமறித்ததற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது.

அப்பா.

அப்பாவுக்குத் தன் பழைய போனைக் கொடுத்தபோது, புதுக் கணக்குத் தொடங்கச் சோம்பல்பட்டு, தன்னுடையதையே அதில் விட்டு வைத்திருந்தாள். அவருக்குத் தட்டத் தெரியாது. மைக்கைத் தொட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் போனிடம் பேசுவார். பேசியதெல்லாம் இவள் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேரத்தைப் பார்த்தாள். எல்லாமே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். நாள் பூராவும் தபால் பையைச் சுமந்த உடம்பு, இறக்கி வைத்ததும்தான் கணக்குக் கேட்கும். பாவம், யாரிடமும் சொல்லாமல் போனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

இருபத்தாறு வருடத் தபால்காரர். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்பார். என்ன, நாக்குதான் ழகரத்துக்குப் புரளாது. ஏழாம் நம்பர் வாசலில் நின்று "ஏலாம் நம்பர், தபால்" என்று கூவிக் கூவி, ஆபீசில் அவருக்கு அதுவே பட்டப்பெயராகி விட்டது. வீட்டில் இவளும் அம்மாவும் சேர்ந்துகொண்டு அதைச் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று உண்டு.

இப்போது சிரிப்பு வரவில்லை. குறுக்கு வலி, பக்கவாட்டு வலி, கொஞ்ச நாளாக அவரிடம் தெரிந்த உடல் மெலிவு என்று மூன்றையும் சேர்த்துத் தட்டினாள். இணையத்துக்கு என்றைக்கும் நல்ல வாய் கிடையாது. தும்மலைத் தேடினாலும் மூன்றாவது சொடுக்கில் பாடையைக் காட்டும். பதினோரு பக்கங்கள் திறந்தாள். பதினொன்றிலும் அம்மாவின் மருத்துவ ஃபைலில் இருந்த அதே பெயர்.

அம்மாவும் இப்படித்தான். "ஒண்ணுமில்லடி, வாயு" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். டாக்டரிடம் போனபோது, அவர் பேப்பரைப் பார்க்காமல் இவர்கள் முகத்தைப் பார்த்தார். இனி இருக்கிற ஒருவரையும் அப்படி விட முடியாது.

ப்ராஜெக்டை மூடினாள். ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறந்து நாளைக் காலை பத்து மணிக்கு டோக்கன் போட்டாள். வயது, ஐம்பத்தாறு. பிரச்சினை என்ற கட்டத்தில் 'வலி' என்று எழுதினாள்.

ஐந்தரைக்கு வந்துவிடும் மனிதர், ஏழு மணிக்குத்தான் தெருவில் தென்பட்டார். அதுவும் வழக்கமான பேக்கரி முனையிலிருந்து இல்லை, எதிர்ப் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம்தான் மருந்துக்கடை இருக்கிறது. வாசலுக்கு வந்தவர் கதவு நம்பரை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். தபால்காரர் புத்தி சொந்த வீட்டில்கூடப் போகாது என்று வேறொரு நாளாக இருந்தால் கிண்டல் செய்திருப்பாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளாப்பா இந்த வலி?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. யார் சொன்னது என்று கேட்டார். அவர் போனில் கேட்பதெல்லாம் தன் லேப்டாப்பிலும் வரும் என்று சொன்னாள். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காட்டிக் கொடுத்த கூட்டாளியைப் பார்ப்பது மாதிரி.

"ஆறு மாசமா," என்றார். "மொதல்ல எப்பவாவதுதான். இப்ப தினமும்."

ஆறு மாதம். அம்மாவுக்கு ஆறு மாதம்கூட இருக்கவில்லை. அழக்கூடாது என்று நினைத்தாள். நினைக்கும்போதே கண்ணீர் இறங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கோபித்தாள், நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறோம் என்றாள்.

ஆபீசில் மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். தெரிந்தால் அன்றைக்கே பையை வாங்கி வைத்துவிடுவார்களாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போனும் உதவலம்மா. எப்ப கேட்டாலும் தைலம் தேய்ங்குது, குனிஞ்சு நிமிருங்குது. நடுத்தெருவுல நின்னுட்டு நான் என்னத்த குனியறது?" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"டாக்டர் கேப்பாருப்பா, சரியாச் சொல்லணும். எங்க வலிக்குது? இடுப்பா, விலாவா?"

அவர் விளங்காமல் அவளைப் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தார்.

"எனக்கு எங்கயும் வலிக்கலம்மா. வீட்டுக்கு வர்ற வலிதான் மறந்து போகுது."