மணி ரிப்பேர்

“ஒம்மகளப் பள்ளிக்கூடத்துல மணியடிக்க விட்டிருக்காக. பியூன் வேல பாக்கவா பெத்த?”

பக்கத்து வீட்டு ஆசியா பீவி பற்றவைத்துவிட்டுப் போய்விட்டாள். ருக்சானாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மகள் ருமானாவுக்கு ஆட்டிசம். திடீர்ச் சத்தம் ஆகவே ஆகாது. சிவகாசியில் பிறந்த பிள்ளைக்கு இப்படியொரு சோதனை! போன வருஷமெல்லாம் பள்ளியின் கரண்ட் மணி அலறும்போது பெஞ்சுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். மற்ற பள்ளிகள் கைவிரித்தபின் கிடைத்த இடம் என்பதால் ருக்சானா இதுவரை வாயே திறந்ததில்லை. அதற்காக எடுபிடி வேலையா? இந்த இடமும் போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

தலைமையாசிரியர் நல்லசிவம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரண்ட் மணி ரிப்பேர் என்றார்.

“அதுக்கு எம்புள்ளதான் கெடச்சாளா சார்? எதுத்துப் பேசாத புள்ளைன்னுதானே? எங்க வீட்டுக்காரவுக கரண்டு வேலதான் பாக்காக. இப்பவே வரச் சொல்றேன். காசு ஒண்ணும் வேண்டாம்.”

அவர் பதறி எழுந்தார். “வேண்டாம்மா, அதெல்லாம் வேண்டாம்.”

அந்த நேரம் ருமானா வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தாள். கையில் இரும்புக் கம்பி. வாசல் வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது.

“உம்மா, இப்ப அடிக்கப் போறேன். காதப் பொத்திக்கோ.”

சொல்லிவிட்டு அடித்தாள். பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அவள் காதைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. கம்பியை அதன் இடத்தில் வைத்துவிட்டு மிடுக்காக வகுப்புக்கு நடந்தாள். காதைப் பொத்தியிருந்த கையை ருக்சானா மெல்ல இறக்கினாள்.

“ஒருநா கரண்டு போச்சு. பியூன் அடிக்கப் போனப்ப இவளே கம்பிய வாங்கி அடிச்சா. அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு,” என்றார் நல்லசிவம். “வெடியப் பத்தவைக்கிறவன் எங்கம்மா திடுக்கிடுறான்? பாக்காம நிக்கிறவனுக்குத்தான் தூக்கிவாரிப் போடும்.”

மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு பீஸ் கட்டை கிடந்தது. கரண்டு வேலைக்காரர் மனைவிக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

“மணிக்கு ஒரு கொறையும் இல்ல. நாந்தான் பீஸக் கழட்டி வச்சிருக்கேன். ஒரு புள்ளைக்காக நிறுத்துனேன்னா கமிட்டியில ஒத்துக்க மாட்டாக. அதான் ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன்.”

திரும்பி வரும்போது ஆசியா பீவி வாசலிலேயே காத்திருந்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டாயா என்றாள்.

“கேட்டேன் மாமி. கரண்ட் மணி ரிப்பேராம்.”

“ஏன், கரண்டு வேல பாக்குற ஒம்மாப்ள போய்ச் சரிபண்ண மாட்டாகளாமா?”

ருக்சானா முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள்.

“அவுகளாலயும் முடியாதாம் மாமி.”