4417-ஆம் வளையம்

வடகடலோர ஆய்வு நிலையத்தில் கணவன் பாறைகளை ஆராய்ந்தான்; மனைவி கடற்பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டினாள்.

ஒரு நாள் காலை, பல லட்சம் ஆண்டுப் பழைய பாறை ஒன்றை அவன் பிளந்தான். உள்ளே ஒரு பறவையின் கால் எலும்பு. அதில் வளையம். எண் 4417.

அவள் தன் பெட்டியைத் திறந்தாள். 4417 இன்னும் மாட்டப்படாமல் அதில் இருந்தது.

“அதை எந்தப் பறவைக்கும் மாட்டாதே. பேசாம கடல்ல போட்டுடு,” என்றான்.

அவள் அவனுடைய லென்ஸை வாங்கி எலும்பை உற்றுப் பார்த்தாள். “மூட்டு நல்லா தேய்ஞ்சிருக்கு. இது வாழ்ந்து, கிழடு தட்டித்தான் செத்திருக்கு.”

“நமக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கணுமே.”

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்த வளையத்தோடு கூடுகளுக்குப் போனாள். பிழைக்காது என்று நேற்றுக் கைவிட்டிருந்த சவலைக் குஞ்சின் காலில் அதை மாட்டினாள். குஞ்சு அவள் விரலை நறுக்கென்று கொத்திவிட்டு, பசியில் கத்தத் தொடங்கியது.