கதவருகே கழற்றியது

ஒரு குழந்தை ஓராண்டு கூடுதலாக உயிர்வாழ அரசு வைத்திருக்கும் விலை மூன்று லட்சத்து அறுபதாயிரம். பேரம் கிடையாது, ஆடித் தள்ளுபடியும் கிடையாது. அதற்கு மேல் செலவாகும் மருத்துவ ஆய்வுக்கு நிதி வேண்டுமென்றால், மூடிய அறைக்குள் ஒரு குழு வலது கையை உயர்த்தி வாக்களிக்க வேண்டும்.

டாக்டர் அங்கயற்கண்ணி அந்தக் குழுவில் இருந்தாள். தன் வீட்டுக்குச் சாதகமாக யாரும் பேசிவிடக் கூடாதென்று, உள்ளே போகும்போது வீட்டு நினைவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் நினைவை எடுத்துக்கொள்வார்கள்.

"கோயில் வாசல்ல செருப்பு விடுற மாதிரி. டோக்கனாவது குடுத்தாங்களா?" என்றான் கணவன் ஞானசேகர். பாத்திரக் கடைக்காரன், பயந்தால்தான் கிண்டல் செய்வான். "நம்ம பாப்பா நோய்க்கான ஆய்வுக்கு இன்னைக்கு என்ன ஓட்டும்மா போட்ட?"

"எனக்கெப்படிங்க தெரியும்? ஆதரவாத்தான் போட்டிருப்பேன். பெத்தவளாச்சே."

"பெத்தவளாவா உள்ள போன?"

வந்ததிலிருந்து அவளுடைய வலது கை, மகளைத் தொடப் போகும்போதெல்லாம் தானாகப் பின்வாங்கியது. ஏழு வயது மகிழினிக்கு இடது கையில் கரண்டி பிடித்துச் சோறு ஊட்டினாள்.

"அய்யே, பீச்சாங்கை!" என்று மகிழினி சிரித்தாள்.

போனில் முடிவு வந்தது. யார் எப்படி வாக்களித்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள், எண்ணிக்கை மட்டும்தான்.

"தள்ளுபடியே ஆகியிருந்தாலும் என் ஓட்டு நம்ம பக்கம்தாங்க இருக்கும்" என்றபடி செய்தியைத் திறந்தாள்.

குழுவினர் ஐந்து. ஆதரவு இல்லை. எதிர்ப்பு ஐந்து.